சிப்ரோ மாத்திரை குறிவைக்கும் ‘ஜைரேஸ்’: மங்கலான எக்ஸ் கதிர்ப் படம் காட்டிக்கொடுத்தது என்ன?

சிறுநீர்த் தொற்று, டைபாய்டு, வயிற்றுப்போக்கு என்று ஏதோ ஒன்றுக்காக ‘சிப்ரோ’ என்கிற சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை ஒருமுறையாவது வந்துபோகாத வீடுகள் நம்மூரில் குறைவு. அந்த மாத்திரை உள்ளே போய் எதை அடிக்கிறது என்று கேட்டால், ‘கிருமியை’ என்போம். சரி, கிருமியில் எதை?

பதில், முக்கியமாக ஒரு நொதி. பெயர் ‘டிஎன்ஏ ஜைரேஸ்’. பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்க அது அவசியம். மனித உடலில் அது கிடையாது. மருந்து தயாரிப்பவர்களுக்கு இதைவிட வசதியான இலக்கு கிடைப்பது அரிது. ஆனால் இந்த நொதி முழுசாக எப்படி இருக்கும், வேலை செய்யும்போது எந்தப் பாகம் எங்கே நகரும் என்பது பல ஆண்டுகள் பிடிபடவே இல்லை. அதற்கு முதல் விடைகளில் ஒன்றைக் கொடுத்தது பளிச்சென்ற படம் அல்ல. வெளிவட்டம் மட்டுமே தெரிகிற, மங்கலான ஒரு உருவம். எக்ஸ் கதிர்களை ஒரு சொட்டுக் கரைசல் வழியாக அனுப்பி, அவை சிதறிய விதத்தை அளந்து எடுத்த உருவம் அது.

பளிச்சென்று இருந்தால்தான் உண்மை என்று நம்பப் பழகிவிட்ட காலம் இது. ஜைரேஸின் கதை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

ஜைரேஸ் செய்யும் வேலை

ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதற்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அதாவது, தான் குடியிருக்கும் வீட்டைவிட 700 மடங்குக்கும் மேல் நீளமான நூல். அதைச் சும்மா திணித்து வைத்தால் போதாது. படிக்க வேண்டிய இடத்தில் பிரியவும் வேண்டும், நகலெடுக்கும்போது சிக்காமலும் இருக்க வேண்டும்.

சார்ஜர் ஒயரின் இரு நுனிகளையும் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாக முறுக்கிப் பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் போனால் ஒயர் தன்மேலேயே ஏறிச் சுருண்டுகொள்ளும். இரட்டைச் சுருளான டிஎன்ஏவை நகலெடுக்கும் இயந்திரம் முன்னேறும்போதும் அதற்கு எதிரே இப்படித்தான் முறுக்கு ஏறுகிறது. தளர்த்தாவிட்டால் வேலை நின்றுவிடும். ஜைரேஸ் செய்வது எதிர்ப்பக்க முறுக்கை ஏற்றுவது. அதற்கு அது கையாளும் வழி கொஞ்சம் விபரீதமானது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக அதே டிஎன்ஏவின் இன்னொரு பகுதியைக் கடத்தி, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டிவிடுகிறது. அசல் வேலை, ஆனால் ஒரு நொடி தவறினாலும் உயிருக்கு ஆபத்து. சிப்ரோ போன்ற ஃப்ளோரோகுயினலோன் மருந்துகள் அந்த ஒரு நொடியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. வெட்டிய இடத்தில் புகுந்து உட்கார்ந்து, ஒட்டவிடாமல் தடுக்கின்றன. டிஎன்ஏ உடைந்தே கிடக்கும். பாக்டீரியா சாகும்.

இந்தக் குடும்பத்தின் முன்னோடியான நாலிடிக்சிக் அமிலம் 1962-லேயே வந்துவிட்டது, மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரிக்கும்போது கிடைத்த உபபொருளிலிருந்து. ஜைரேஸை மார்ட்டின் கெல்லர்ட்டும் சகாக்களும் அமெரிக்காவில் கண்டுபிடித்தது 1976-இல். நாலிடிக்சிக் அமிலம் தாக்குவது இதைத்தான் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. அதாவது எதை அடிக்கிறது என்றே தெரியாமல் பல வருஷம் ஒரு மருந்து புழக்கத்தில் இருந்திருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இது ஒன்றும் அபூர்வம் இல்லை.

பிரித்துப் போட்ட பைக்

புரதத்தின் வடிவத்தை அணு அளவில் பார்க்க நெடுங்காலமாக இருந்த முக்கிய வழி, படிகமாக்குவது. ஒரே புரதத்தின் எண்ணற்ற பிரதிகளை வரிசையாக அடுக்கி உப்புக்கல் போல ஒரு படிகம் வளர்த்து, அதன்மேல் எக்ஸ் கதிரை விட வேண்டும். எல்லா மூலக்கூறும் ஒரே நிலையில் நின்றால்தான் படிகம் வளரும். கைகால் ஆட்டும் புரதம் என்றால் சிரமம்தான்.

ஜைரேஸ் நன்றாகவே கைகால் ஆட்டும். ‘ஏ’ என்ற துணை அலகு இரண்டு, ‘பி’ என்ற துணை அலகு இரண்டு என நான்கு சங்கிலிகள் சேர்ந்தது அது. ஈ.கோலையில் ஏ அலகில் 875 அமினோ அமிலங்கள், பி அலகில் 804. இடையிடையே வளையும் இணைப்புகள் வேறு. முழுசாகப் படிகமாக்குவது கஷ்டம் என்பதால் விஞ்ஞானிகள் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பி அலகின் தலைப்பகுதி 1991-இல் தெரிந்தது. ஏ அலகின் பெரிய பகுதி, அதாவது டிஎன்ஏவை வெட்டும் பகுதி, 1997-இல். அதே ஏ அலகின் வால்பகுதி 2004-இல், அதுவும் ஈ.கோலையிலிருந்து அல்ல, லைம் நோயை உண்டாக்கும் வேறொரு பாக்டீரியாவிலிருந்து.

மெக்கானிக் கடையில் பைக்கை முழுசாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஒரு பக்கம், செயின் ஒரு பக்கம், ஹேண்டில்பார் ஒரு பக்கம். ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரியும். ஆனால் பைக்கையே பார்த்திராத ஒருவர் அந்தப் பாகங்களை வைத்து வண்டி எப்படி ஓடும் என்று சொல்லிவிட முடியுமா? ஜைரேஸ் விஷயத்திலும் நிலைமை அதுதான். குறிப்பாக அந்த வால்பகுதி. டிஎன்ஏவைத் தன்மேல் சுற்றிக்கொள்வது அதுதான், ஜைரேஸை மற்ற சகோதர நொதிகளிலிருந்து வேறுபடுத்துவதும் அதுதான். அது உடம்பில் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதே தெரியவில்லை.

தண்ணீரிலேயே பார்ப்பது எப்படி?

இங்கேதான் சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல் வருகிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் இதைச் ‘சாக்ஸ்’ என்பார்கள். காலில் போடுவது அல்ல. இதற்கு அடித்தளம் போட்டவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே கினியே, 1930-களின் கடைசியில்.

இதில் படிகம் தேவையில்லை. நொதியை உப்புக் கரைசலில் கரைத்து, சில பத்து மைக்ரோலிட்டர் எடுத்துக்கொண்டால் போதும், ஒரு சொட்டு. மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றை அதன் வழியே போகும். பெரும்பாலான கதிர்கள் நேராகவே போய்விடும். கொஞ்சம் மட்டும் புரதத்தின் எலக்ட்ரான்களில் பட்டு, நேர்கோட்டிலிருந்து சிறிது விலகும். அந்த விலகலைத்தான் பின்னால் இருக்கும் கருவி பதிவு செய்கிறது.

விலகலை வைத்து அளவை எப்படிச் சொல்ல முடியும் என்று தோன்றும். இரவில் குடைத்துணி வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். ஒற்றை ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகள் விரிந்திருக்கும். துணியின் இழைகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அகலமாக அவை விரியும். எக்ஸ் கதிரிலும் அதே கணக்குதான். சின்னப் பொருள் கதிரை அகலமாகச் சிதறடிக்கும், பெரிய பொருள் குறுகலாக. அணுக்களோடு ஒப்பிட்டால் ஜைரேஸ் பெரிய ஆள். அதனால் அதன் மொத்த உருவத்தைப் பற்றிய சேதி எல்லாம் மிகச் சிறிய கோணங்களில், நேர்க்கற்றைக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும்.

கரைசலில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் திரும்பிக்கொண்டே இருப்பதால் கிடைப்பது அத்தனை நிலைகளின் சராசரி. எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே ஒரு வளைகோடு. அதன் ஆரம்பச் சரிவிலிருந்து மூலக்கூறின் பரவல் தெரியும். கினியே தந்த வழி அது. வளைகோட்டை வேறு விதமாக வரைந்தால் புரதம் கெட்டியான உருண்டையா, தளர்ந்து ஆடும் சரமா என்பது தெரியும். அதற்கு ஆஸ்திரியாவின் ஓட்டோ கிராட்கி பெயர். பிறகு கணினியின் முறை. ஹாம்பர்கில் திமித்ரி ஸ்வெர்குன் எழுதிய நிரல்கள் சிறு மணிகளை அடுக்கியும் கலைத்தும், அந்த வளைகோட்டுக்குப் பொருந்தும் உருவம் கிடைக்கும் வரை தேடுகின்றன. ஒருமுறை தேடி நம்பிவிடுவதில்லை. பலமுறை தேடி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

கேட்க எளிது. செய்யும்போதுதான் கழுத்தறுப்பு. புரதம் கலந்த கரைசலின் சிதறலில் பெரும்பகுதி தண்ணீருடையது. அதே கரைசலைப் புரதம் இல்லாமல் தனியே அளந்து கழிக்க வேண்டும். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இல்லாவிட்டால் கழித்து மிச்சம் வருவது வெறும் பிழைதான். அதைவிட மோசம், புரதங்கள் ஒட்டித் திரள்வது. பெரிய திரள்கள் எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தாலும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாகச் சிதறும், கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர் மாதிரி. போதாக்குறைக்கு, எக்ஸ் கதிரே புரதத்தைச் சிதைத்துத் திரளவைக்கும்.

பேரிக்காயும் தலைப்பிரட்டையும்

இங்கிலாந்தின் நார்விச்சில் உள்ள ஜான் இன்னெஸ் மையத்தில் ஆண்டனி மேக்ஸ்வெல் குழு ஜைரேஸை நெடுநாள் ஆராய்ந்துவந்தது. டேர்ஸ்பரி ஆய்வகத்தின் குந்தர் கிராஸ்மன் போன்றவர்களோடு சேர்ந்து லியோனல் காஸ்டனாரோ முதன்மை ஆசிரியராக 2005-இல் வெளியிட்ட கட்டுரை, ஈ.கோலையின் முழு ஏ அலகையும் கரைசலில் பார்த்தது.

இரண்டு ஏ அலகுகள் இணைந்த ஜோடி. நடுவில், 1997-இல் படிகத்தில் பார்த்த வெட்டும் பகுதி அப்படியே கச்சிதமாகப் பொருந்தியது. அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல இரண்டு பேரிக்காய் வடிவங்கள். வால்பகுதியின் படிக வடிவத்தை அதற்குள் வைத்துப் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. ஆனால் அவை இருந்த இடம் யாரும் எதிர்பார்க்காதது. டிஎன்ஏவைச் சுற்றிக்கொள்ள வேண்டிய பாகம் அந்த இடத்தில் இருந்துகொண்டே அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆகவே, டிஎன்ஏ வந்து ஒட்டும்போது இந்த நொதி பெரிய அளவில் உருமாற வேண்டும் என்று ஆசிரியர்கள் ஊகித்தார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அணு ஒன்றுகூடத் தெரியாத படம் அது. ஆனாலும், ஒரு பாகம் ‘இப்போது இங்கே இருக்கிறது, வேலை செய்ய வேறு இடத்துக்குப் போயாக வேண்டும்’ என்று சொல்லிவிட்டது. தனித்தனித் துண்டுகளை எத்தனை துல்லியமாகப் படம் பிடித்தாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து 2007-இல் அதே குழு பி அலகையும் பார்த்தது. இந்த முறை கிடைத்தது தலைப்பிரட்டை வடிவம். குளத்தில் நெளியுமே, தவளைக்குஞ்சு, அதேதான். தலையும் உடலும் வாலுமாக மூன்று பகுதிகள், இடையில் வளையும் இணைப்பு. படத்தின் துல்லியம் 12 முதல் 15 ஆங்ஸ்ட்ராம் வரை. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம் என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு மங்கல் என்பது புரியும்.

ஊகம் நின்றதா? 2011-இல் டாக்மார் க்ளோஸ்டர்மையரின் குழு முற்றிலும் வேறு முறையில், ஒற்றை மூலக்கூறுகளில் ஒளிரும் சாயங்களைப் பொருத்தி அவற்றுக்கிடையிலான தூரத்தை அளந்தது. பயன்படுத்தியதும் வேறு பாக்டீரியாவின் ஜைரேஸ். டிஎன்ஏ ஒட்டியதும் வால்பகுதிகள் இடம் மாறுகின்றன, முறுக்கு ஏற்றும் சுழற்சியின் ஆரம்பகட்டமே அந்த நகர்வுதான் என்று கண்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன் மங்கலான படம் சொன்னது சரி.

எதை நம்பக் கூடாது?

இந்த முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். ஏ அலகு ஜோடியில் ஹைட்ரஜனை விட்டுவிட்டாலும் பத்தாயிரத்துக்கும் அதிகமான அணுக்கள் உண்டு. ஒரு சிதறல் வளைகோட்டில் ஒன்றையொன்று சாராத தகவல் என்று பார்த்தால் பெரும்பாலும் பத்து, இருபது எண்கள் தேறும். அவ்வளவுதான். இவ்வளவு சொற்பத் தகவலிலிருந்து முப்பரிமாண உருவம் கட்டும்போது, வெவ்வேறு உருவங்கள் ஒரே வளைகோட்டைத் தர இடமிருக்கிறது. ஒரு உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும்கூட இதால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் 2005, 2007 ஆய்வுகள் சிதறலை மட்டும் நம்பாமல், அதிவேக மையவிலக்கில் சுழற்றி மூலக்கூறு ஜோடியா ஒற்றையா என்பதைத் தனியே உறுதி செய்துகொண்டன. துணைச் சாட்சி இல்லாமல் அழகான ஒரு உருவத்தை மட்டும் காட்டும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

முழு நொதியையும் டிஎன்ஏவோடு சேர்த்துக் காட்டும் வேலையைப் பிற்பாடு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி செய்தது. 2019-இல் வெளியான ஈ.கோலை ஜைரேஸின் அத்தகைய அமைப்பில் கெபோடிடாசின் என்ற மருந்தும் சேர்ந்திருந்தது. இதுவும் ஜைரேஸைத்தான் தாக்குகிறது, ஆனால் சிப்ரோவிலிருந்து வேறுபட்ட பிடிமானத்தில். அதனால் சிப்ரோவுக்கு அடங்காத பல கிருமிகளிடமும் இது வேலை செய்கிறது. சிறுநீர்த் தொற்றுக்காக 2025 மார்ச்சில் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது.

அப்படியென்றால் சிதறல் முறைக்கு இனி வேலை இல்லையா? போதாததற்கு, புரத வடிவங்களைக் கணிக்கும் ‘ஆல்ஃபாஃபோல்ட்’ செயற்கை நுண்ணறிவுக்கு 2024-இல் வேதியியல் நோபலே கிடைத்துவிட்டது. அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கொடுக்கிறது. ஆனால் அதன் தடுமாற்றம் எங்கே என்று பார்த்தால், வளையும் இணைப்புகளிலும், பாகங்கள் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதிலும்தான். ஜைரேஸின் வால்பகுதி மாதிரியான இடங்கள். உறைய வைத்த படம் நகர்வின் ஓரிரு நிறுத்தங்களைக் காட்டும். கணிப்பு ஒரு நிறுத்தத்தை ஊகிக்கும். உப்பும் வெப்பமும் மாறும்போது கரைசலில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சரிபார்க்க ஒரு சொட்டும் சில நிமிடக் கதிரும் இன்னமும் மலிவான வழி. கணிப்புகள் குவியக் குவிய, அவற்றைச் சரிபார்க்கும் இடங்களுக்கான தேவை கூடுமே தவிரக் குறையாது.

நமக்கு இதில் என்ன?

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இப்போது தரப்படும் ஆறு மாதச் சிகிச்சையின் நான்கு மருந்துகளில் ஒன்று மாக்சிஃப்ளாக்சசின். அது சிப்ரோவின் உறவுக்காரர், அதன் இலக்கும் ஜைரேஸ்தான். பல பாக்டீரியாக்களிடம் ஜைரேஸோடு அதன் சகோதர நொதி ஒன்றும் இருக்கும். காசநோய்க் கிருமியிடம் அது கிடையாது. எல்லாச் சுமையும் ஜைரேஸின் தலையில். கிருமி அந்த ஏ அலகில் 90 அல்லது 94-ஆவது இடத்து அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டால் போதும், மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நோயாளிக்கு மாக்சிஃப்ளாக்சசினை விட்டுவிட்டு மற்ற மூன்றை நம்ப வேண்டியதுதான்.

அந்தப் பழைய பிடிமானத்தைச் சாராத மருந்து வேண்டும் என்றால், நொதியின் மற்ற இடங்களையும் அதன் நகர்வுகளையும் அறிய வேண்டும். இதற்கான வசதி நாட்டில் இல்லாமல் இல்லை. இந்தூரில் உள்ள ‘இண்டஸ்-2’ சின்க்ரோட்ரானில் சிறுகோணச் சிதறலுக்கென ஒரு கதிர்த்தடம் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு வளையத்தை இயற்பியலாளர், உலோகவியலாளர், உயிரியலாளர் என எல்லோரும் பங்கிட வேண்டியிருக்கிறது. புதிய ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிற அரசுகள், இந்த மாதிரிக் கருவிகளுக்கான செலவைக் கட்டடத் திறப்பு விழாவோடு நிறுத்திவிடக் கூடாது. கற்றை நேரமும், புரதத்தைச் சுத்தமாகத் தயாரித்துத் தரும் பயிற்சி பெற்ற ஆட்களும் வருஷாவருஷம் வேண்டும். டேர்ஸ்பரியின் சின்க்ரோட்ரான் 2008-இல் மூடப்பட்டபோது, அதற்கு முந்தைய ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு அருகே ‘டைமண்ட்’ வேலையைத் தொடங்கியிருந்தது. இடைவெளி விழவில்லை.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. உலகெங்கும் அளந்த சிதறல் வளைகோடுகளை ஹாம்பர்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் இணையத்தில் பொதுவில் சேமித்து வைக்கிறது. அவற்றை அலசும் மென்பொருளும் கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். கல்லூரி லேப்டாப் ஒன்று இருந்தால், யாரோ அளந்த வளைகோட்டை இறக்கி, அவர்கள் காட்டிய உருவம் தனக்கும் வருகிறதா என்று ஒரு எம்.எஸ்சி. மாணவர் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம்.